கேப் பிரெட்டன் ஃபிடில் (நம்ம வயலின்தான்) டியூனை கிட்டார்ல வாசிக்கிறவங்க – வலது கை பத்தி கொஞ்சம் பேசலாம்

ஆறுகம்பி

டேவ் மக்ஐசக் 1986ல போட்ட "செல்டிக் கிட்டார்" ஆல்பத்த இங்க எத்தன பேர் முழுசா கேட்டிருக்கீங்க? கேக்காதவங்க இந்த இழைய படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு ட்ராக்காவது கேட்டுட்டு வாங்க, அப்பதான் நான் என்ன சொல்ல வர்றேன்னு காதுல விழும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. கேப் பிரெட்டன்ங்கிறது கனடாவுல நோவா ஸ்கோஷியா மாகாணத்தோட கிழக்கு முனைல இருக்கிற தீவு. 18ஆம் நூற்றாண்டு கடைசில இருந்து 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வரைக்கும் ஸ்காட்லாந்து மலைநாட்டுல இருந்தும் அங்க உள்ள தீவுகள்ல இருந்தும் கேலிக் பேசுற ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து குடியேறுனாங்க, நிறைய பேர் நிலத்த விட்டு துரத்தப்பட்டவங்க. அவங்க கொண்டு வந்த ஃபிடில் இசை அங்க இன்னும் உயிரோட இருக்கு, கச்சேரி மேடைக்காக இல்ல, டான்ஸுக்காக. மரத்தரை போட்ட ஹால்ல ஜனங்க ஆடணும், அதுக்கு ஃபிடில் வாசிக்கணும், அவ்ளோதான் அதோட வேலை. பட்டி மக்மாஸ்டர், வின்ஸ்டன் ஃபிட்ஸ்ஜெரல்ட், ஜெர்ரி ஹாலண்ட், இப்போ நாட்டலி மக்மாஸ்டர், ஆஷ்லி மக்ஐசக்னு அங்க பேர் வாங்குனவங்க எல்லாம் ஃபிடில்காரங்க. அந்த ஊர்ல கிட்டார்காரன்னா ஃபிடில் பக்கத்துல உக்காந்து கார்டு (பல சுரத்த ஒண்ணா சேத்து அடிக்கிறது) போடுறவர்.

இந்த எடத்துல வந்துதான் டேவ் மக்ஐசக் மாதிரி ஒருத்தர் ஃபிடில் என்ன வாசிக்குமோ அதயே, அதே ஸ்ட்ராத்ஸ்பே, அதே ரீல், அதே ஜிக்க (மூணுமே டான்ஸ் டியூன் வகைங்க), ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டார்ல பிக் (கம்பிய அடிக்கிற சின்ன தகடு) வச்சு ஒத்த ஒத்த நோட்டா எடுத்து வாசிக்கிறார். பொறந்து வளந்தது ஹாலிஃபாக்ஸ், அப்பா அம்மா பூர்வீகம் கேப் பிரெட்டன், அவரே நல்லா ஃபிடிலும் வாசிப்பார், பழைய வீட்டு ரெக்கார்டிங் டேப்பெல்லாம் தேடித்தேடி சேத்து வச்சிருக்கிற ஆளு. அதனால அவர் கிட்டார்ல வாசிக்கும்போது "கிட்டாரிஸ்ட் ஒரு ஃபிடில் டியூன் கத்துகிட்டார்"ங்கிற மாதிரி கேக்கவே கேக்காது.

என் கருத்து இதுதான், யாராவது மறுத்தா பேசலாம்: இந்த இசைல கிட்டார் வித்வத்துவம்ங்கிறது இடது கைல இல்ல. ஸ்பீடுலயும் இல்ல. வலது கை வில்லு பண்ற வேலைய பண்ணுதா இல்லயாங்கிறதுதான் கேள்வி. நோட்டு எல்லாம் கரெக்டா, சுத்தமா, படு ஸ்பீடா வாசிச்சும் அந்த ஊர் ஜனங்க கால் அசையாம உக்காந்திருந்தா அது அங்க எடுபடாது. யூட்யூப்ல "செல்டிக் கிட்டார்"னு தேடுனா வர்றதுல பாதி இந்த ரகம், அழகா இருக்கும், ரிவர்ப் நிறைய இருக்கும், ஆனா அதுக்கு யாரும் ஆட முடியாது.

ஹாலிஃபாக்ஸ்_குளிர்

அண்ணா நான் இங்க ஹாலிஃபாக்ஸ்லதான் வேலை பாக்குறேன், கேப் பிரெட்டன் கார்ல ஒரு மூணு நாலு மணி நேரம், கான்சோ பாலம் தாண்டுனா தீவு (பாலம்னு நாங்க சொல்றோம், ஆனா கல்ல கொட்டி கடல மூடி போட்ட ரோடு அது, 1955ல தொறந்தது). அங்கிருந்து 19ஆம் நம்பர் ரோடு மேற்கு கடற்கரை ஓரமாவே போகும், ஜூடிக், மாபூ, இன்வர்னஸ்னு. நீங்க சொன்ன ஆளுங்க ஊரெல்லாம் பெரும்பாலும் இந்த ரோட்டு பக்கம்தான்.

மேற்கு மாபூ ஹால்ல சனிக்கிழமை குடும்ப டான்ஸ் நடக்கும். போய் பாத்தவன்ங்கிற முறைல சொல்றேன், நீங்க எழுதுனது நூத்துக்கு நூறு சரி. மேடைல ஃபிடில்காரர் சேர்ல உக்காந்திருப்பார், ரெண்டு பாதமும் தரைய அடிச்சுகிட்டே இருக்கும், அந்த அடியே மைக்ல கேக்கும். பக்கத்துல கீபோர்டு, சில நாள் ஒரு கிட்டார். கீழ ஜோடி ஜோடியா வட்டம் கட்டி ஸ்கொயர் செட் ஆடுவாங்க, ரெண்டு ஃபிகர் ஜிக்குக்கு, கடைசி ஃபிகர் ரீலுக்கு. அந்த மூணாவது ஃபிகர்ல பாக்கணும், எட்டு வயசு பொண்ணும் எண்பது வயசு தாத்தாவும் பக்கத்து பக்கத்துல நின்னு ஸ்டெப் போடுவாங்க, இடுப்புக்கு மேல ஒடம்பு அசையவே அசையாது, கை தொங்கிகிட்டு இருக்கும், முழங்காலுக்கு கீழ மட்டும் என்னென்னவோ நடக்கும். அந்த மரத்தரை அதிர்றது நம்ம கால்ல ஏறும்.

நடுவுல செட் நின்னதும் யாராவது தனியா வந்து ஸ்டெப் டான்ஸ் ஆடுவாங்க, அதுக்கு ஸ்ட்ராத்ஸ்பேல ஆரம்பிச்சு திடீர்னு ரீலுக்கு தாவுவாங்க. அந்த தாவல்ல ஆடுறவர் கால் எங்கயும் தட்டக்கூடாது. அந்த எடத்துல துணைக்கு வாசிக்கிறவங்க ஃபிடில்காரரோட வில்லையே பாத்துகிட்டு இருப்பாங்க, முகத்த இல்ல. ஒரு நாள் கிட்டார்காரர் பக்கத்துல சைட்ல நின்னு பாத்தேன், அவர் கண்ணு முழுக்க வில்லோட அடிப்பக்கம், புடிச்சிருக்கிற கை மேலதான் இருந்துச்சு, மணிக்கட்டு திரும்புறத வச்சு அடுத்த டியூனுக்கு போகப்போறத கண்டுபுடிக்கிறார் போல.

பியானோ_ராகவம்

ரெண்டு பேரும் சொல்றது நல்லாருக்கு, ஆனா ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. கேப் பிரெட்டன் சவுண்டுன்னா ஃபிடில் + பியானோ. கிட்டார் இல்ல. வீட்டு ஹால்ல காத்து மிதிக்கிற ஆர்கன் இருந்த காலம், அப்புறம் பியானோ வந்துச்சு, அதுல இருந்து அவங்களே ஒரு தனி பாணி கட்டுனாங்க, இடது கை ஆக்டேவ்ல அரை அரை சுரமா ஏறி இறங்கும், வலது கை பீட்டுக்கு நடுவுல வந்து வெட்டும். மேபெல் சிஷோம் மக்குவீன் வாசிச்சத கேளுங்க, அது துணை வாத்தியம்னு சொல்லவே மனசு வராது, ரெண்டாவது ஃபிடில் மாதிரி முட்டி மோதும். ஜான் மாரிஸ் ராங்கின் ஃபிடிலும் வாசிச்சார் பியானோவும் வாசிச்சார், ரெண்டுலயும் அதே அழுத்தம்.

அப்படி ஒரு பியானோ முழங்கிகிட்டு இருக்கிற எடத்துல அக்கூஸ்டிக் கிட்டாருக்கு என்ன வேலை? சத்தமும் பத்தாது. அதனால அங்க கிட்டார் வித்வத்துவம்ங்கிறது அந்த கலாச்சாரத்துக்குள்ள வளந்த விஷயமா, இல்ல வெளிய இருந்து ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) கேட்டு வளந்த சில பேர் கொண்டு வந்து ஒட்டுனதாங்கிறதுதான் என் கேள்வி. சண்டைக்கு கேக்கல, நெஜமாவே கேக்குறேன்.

ஆறுகம்பி

ராகவம், நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும்.

சத்தம் பத்தாதுங்கிறது நூறு சதம் உண்மை, கிட்டார் அங்க ரிதமுக்குள்ளயே இருந்ததுக்கு பெரிய காரணமே அதுதான். ஆனா கிட்டார் வெளி ஆளு இல்ல. வின்ஸ்டன் ஃபிட்ஸ்ஜெரல்டோட குழுவ எடுத்துக்கோங்க, ரேடியோவுல வாசிச்சு அந்த தீவு முழுக்க பேர் வாங்குன குழு அது, பியானோல பீட்டி வாலஸ், கிட்டார்ல எஸ்ட்வுட் டேவிட்சன். அந்த பழைய ரெக்கார்டுகள்ல கிட்டார் என்ன பண்ணுதுன்னு ஹெட்ஃபோன்ல கவனிங்க, சும்மா கார்டு அடிக்கல, அடி கம்பில ஓட்டம் விட்டு ஓட்டம் விட்டு ஃபிடில தூக்கி குடுக்குது. இன்னிக்கு அங்க ரிதம் கிட்டார் வாசிக்கிற யாரா இருந்தாலும் அந்த வழி வந்தவங்கதான்.

டியூனயே கிட்டார்ல எடுத்தவர்னா அதுக்கு ஜான் ஆலன் கேமரன் பேரத்தான் முதல்ல சொல்லணும். 1938ல பொறந்தவர், இன்வர்னஸ் கவுண்டி. அவங்க அம்மாவோட கூடப்பொறந்தவர்தான் டான் ரோரி மக்டொனால்ட், கேப் பிரெட்டன் ஃபிடிலுக்கு ரெண்டாயிரம் டியூனுக்கு மேல எழுதுனவர்னு சொல்வாங்க. அதாவது தாய்மாமா வீட்டு சொத்தே ஃபிடில்தான். அண்ணன் தம்பில ஜான் டொனால்டும் ஃபிடில். கேமரன் பாதிரியாராக படிச்சுகிட்டு இருந்து, பட்டம் வாங்குற கட்டத்துல 1964ல வெளிய வந்து, கையில பன்னெண்டு கம்பி கிட்டார், இடுப்புல கில்ட்டுன்னு (ஸ்காட்டிஷ் ஆம்பளைங்க கட்டுற பாவாடை) மேடை ஏறுனார். 1970ல நாஷ்வில்ல கிராண்ட் ஓல் ஆப்ரிங்கிற பேர்போன அமெரிக்க கன்ட்ரி இசை மேடை வரைக்கும் போனார். அப்புறம் கனடா முழுக்க டிவில அவருக்கு சொந்த ஷோ.

ஏன் பன்னெண்டு கம்பின்னு யோசிச்சு பாருங்க. கீழ நாலு ஜோடில ஒரு கம்பி ஒரு ஆக்டேவ் மேல இருக்கும், மேல ரெண்டு ஜோடியும் ஒரே சுரம். ஒரு நோட்ட அடிச்சா ரெண்டு கம்பி சேந்து ஒலிக்கும், ரெண்டும் மயிரிழை விலகியே இருக்கும், அதனால ஒரு கரகரப்பும் நீட்டலும் தானா வந்துடும். பேக்பைப் மார்ச்ச அதுல வாசிச்சா அடில ட்ரோன் (நிக்காம ஒலிக்கிற ஒரே சுரம்) ஓடுற மாதிரியே இருக்கும். ஆனா அதுல ஃபிடில் ரீல் வாசிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல, ஒவ்வொரு அடிக்கும் பிக் ரெண்டு கம்பிய தாண்டணும், வேகமான எடத்துல ஒரு கம்பி மட்டும் மாட்டி இன்னொண்ணு மாட்டாம போகும். அவர் விடாம தாண்டுவார். பைப் டியூனும் ஃபிடில் டியூனும் கிட்டார்ல வாசிச்சா ஜனங்க கேப்பாங்கன்னு அந்த தீவுக்கு காட்டுனது அவர்தான்.

ப்ளூகிராஸ் விஷயத்துல நீங்க சொல்றதுல பாதி ஒத்துக்கிறேன். ஜே.பி. கார்மியே மேல அந்த வாசனை நிறைய உண்டு, அப்பா வழி கேப் பிரெட்டன்ல ஷெட்டிக்காம்ப் ஆனாலும் பொறந்தது ஒன்டாரியோ, ப்ளூகிராஸ்ல வாசிச்சு வளந்துட்டு தொண்ணூறுகள்ல தீவுக்கு வந்தவர். கிட்டார், ஃபிடில், மாண்டலின், பான்ஜோ எதக் குடுத்தாலும் வாசிப்பார். ஆனா அவர் ஸ்ட்ராத்ஸ்பே வாசிக்கும்போது ப்ளூகிராஸ் பிக்கிங்க ஓரமா வச்சிட்டுத்தான் வாசிக்கிறார், அதுக்கு அவர் ஃபிடிலும் வாசிக்கிறதுதான் காரணம்னு நான் நம்புறேன். டேவ் மக்ஐசக், கார்மியே ரெண்டு பேருக்கும் இந்த விஷயம் பொது, ரெண்டு பேரும் கையில வில்லு புடிச்சவங்க.

நைலான்நாதம்

நான் கிளாசிக்கல் கிட்டார் ஆளு, அதனால மாத்தி பேசப்போறேன், கோவிச்சுக்காதீங்க.

"ஆட முடியுமா"ங்கிற ஒரே அளவுகோல் வச்சா டோனி மக்மானஸ எங்க வைப்பீங்க? ஸ்காட்லாந்துல பெய்ஸ்லில பொறந்தவர், இப்போ கனடாவுல இருக்கார். 1996ல முதல் ஆல்பம், 2002ல "கியோல் மோர்". ஃபிடில், பைப் டியூன்கள விரலால எடுக்கிறார், டியூன், பேஸ், நடுவுல ஹார்மனி மூணும் ஒரே கிட்டார்ல. பைப்ல வர்ற கிரேஸ் நோட்டு (முக்கிய நோட்டோட ஒட்டி வர்ற குட்டி அலங்கார நோட்டு) கொத்து இருக்கே, அத இடது கைல தட்டியும் இழுத்தும் கொண்டு வர்றார். மெதுவான ஏர் (பாட்டு மாதிரி மெட்டு) வாசிக்கும்போது அந்த நோட்டு சாகவே சாகாது. 1999ல அலஸ்டர் ஃப்ரேசர்ங்கிற ஸ்காட்டிஷ் ஃபிடில்காரரோட "ரிட்டர்ன் டு கின்டெயில்"னு ஒரு ஆல்பம் போட்டார், அதுல ரெண்டு பேரும் சமமா நிக்கிறாங்க, ஒருத்தர் துணை ஒருத்தர் முதன்மைன்னு இல்ல. இது வித்வத்துவம் இல்லன்னு சொல்லிட முடியுமா?

இன்னும் முன்னாடி போனா டிக் காஹன், எடின்பரோ லீத் பக்கம், 1977ல "காப்பர்ஸ் அண்ட் ப்ராஸ்"னு முழு ஆல்பமும் ஸ்காட்டிஷ் ஐரிஷ் டான்ஸ் டியூன்கள கிட்டார்ல. அயர்லாந்துல ஆர்ட்டி மக்கிளின். இவங்க எல்லாம் மேடைக்கும் ரெக்கார்டுக்கும் வாசிச்சவங்க, தரைய பாத்து வாசிக்கல. உக்காந்து கேக்குறதுக்குன்னு ஒரு இசை இருக்கக்கூடாதா?

வில்லி_மீனா

வயலின்காரி நான் உள்ள வரலாமா, ஏன்னா எல்லாரும் வில்லு வில்லுன்னு சொல்றீங்க, வில்லு என்ன பண்ணுதுன்னு யாரும் சொல்லல.

கேப் பிரெட்டன் வாசிப்புல வில்லு பெரும்பாலும் ஒரு நோட்டுக்கு ஒரு இழுப்பு. ஐரிஷ்ல, அதுவும் அயர்லாந்தோட கிளேர் மாவட்டம் பக்கம், நாலஞ்சு நோட்ட ஒரே இழுப்புல கோத்து வழுக்கிகிட்டு போவாங்க, இங்க அப்படி ரொம்ப கம்மி. மேல் இழுப்பும் கீழ் இழுப்பும் ரெண்டும் ஒரே பலத்துல வரணும், மேல் இழுப்பு தொளதொளன்னு இருந்தா அந்த ஊர் பாணியே போச்சு. கூடவே பக்கத்து கம்பி திறந்தபடி உரசிகிட்டே இருக்கும், அந்த உரசல் தப்பு இல்ல, வேணும்னே வைக்கிறது.

அப்புறம் கட். ஒரு நீளமான நோட்டு வர்ற எடத்துல அத அப்படியே இழுக்காம, அதே சுரத்துல ரெண்டு குட்டி நோட்டு ஒரு பெரிய நோட்டுன்னு படபடன்னு வெட்டுவாங்க, மணிக்கட்டு ஒதறுற மாதிரி இருக்கும். சுரமே மாறாது, வில்லு மட்டும்தான் மாறும். இதுக்குத்தான் அங்க ஒரு ஃபிடில்காரர புகழும்போது "நல்ல கட்டு"ம்பாங்க. பைப்ல ஒரே சுரத்த திரும்ப வாசிக்கணும்னா நடுவுல கிரேஸ் நோட்டு போட்டாத்தான் முடியும், அந்த சத்தத்த வில்லுல கொண்டு வர்றதுதான் கட்டுன்னு பல பேர் சொல்வாங்க, கேட்டா உங்களுக்கே நம்பத் தோணும்.

ஸ்ட்ராத்ஸ்பேல இன்னொண்ணு. ஒரு பீட்ட ரெண்டா பிரிச்சா சமமா பிரியாது. ஒண்ணு குட்டி இன்னொண்ணு நெட்டை. குட்டி முன்னாடி வந்து பீட்டு மேலயே நறுக்குனு விழுந்து நெட்டை பின்னாடி வர்றதுதான் ஸ்னாப். கேலிக் பேச்சுல வார்த்தைக்கு முதல் அசைல அழுத்தம், அந்த நடை அப்படியே வாய்ப்பாட்டுல வந்து, அங்கிருந்து வில்லுக்கு வந்துச்சும்பாங்க. ஃபிடில் இல்லாத வீட்டுல வாயாலயே டியூன் பாடி ஆடுனவங்க அவங்க. அதனால இந்த ஸ்னாப்ப நோட்டேஷன் பாத்து கணக்கு போட்டு வாசிச்சா மெஷின் மாதிரி இருக்கும். எந்த அளவுக்கு குட்டிங்கிறது ஒவ்வொருத்தர் கைலயும் மாறும், பட்டி மக்மாஸ்டர் கைல ஒரு அளவு, வின்ஸ்டன் கைல வேற.

இப்போ கிட்டாருக்கு வாங்க. வில்லு நோட்ட உண்டாக்குன பிறகும் கூடவே இருக்கு, அழுத்தலாம், விடலாம், நடுவுல பெருசாக்கலாம். பிக்கு பட்ட நொடியோட வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் நோட்டு தேய மட்டும்தான் செய்யும். அப்போ கிட்டார்காரர் கைல இருக்கிறது ரெண்டே ரெண்டு விஷயம், எப்போ அடிக்கிறோம், எவ்ளோ பலமா அடிக்கிறோம். அத வச்சு இவ்ளோத்தையும் காட்டணும். ஆறுகம்பி அண்ணா வலது கைன்னு சொன்னது இதனாலதான்னு நெனைக்கிறேன், நான் ஒத்துக்கிறேன். நைலான் சொன்ன மக்மானஸும் எனக்கு உயிர், ஆனா அவர்ட்ட நான் ரசிக்கிறது பைப்போட மூளை. டேவ் மக்ஐசக்ட்ட ரசிக்கிறது ஃபிடிலோட கை.

புதுப்பிக்கு

இந்த இழைய ஒரே மூச்சுல படிச்சேன், நன்றி எல்லாருக்கும். நான் ஒரு ரெண்டு வருஷமா கிட்டார், இப்போதான் பிக் வச்சு ஒத்த நோட்டு பழகுறேன். அந்த கட்ட கிட்டார்ல எப்படி எடுக்கிறது? என் கை அங்க வந்தா இறுகிடுது, அடுத்த பீட்டு தவறுது. ஜிக்குக்கு மேல கீழ மேல கீழன்னு மாத்தி மாத்தி அடிக்கலாமா?

ஆறுகம்பி

தம்பி, மீனா சொன்ன ரெண்டு குட்டி ஒரு பெருச இறக்கு-ஏத்து-இறக்குன்னு அடி. முக்கியமானது அதுக்கு அடுத்து வர்ற பீட்டு. அதயும் இறக்குலதான் புடிக்கணும். அதாவது ரெண்டு இறக்கு அடுத்தடுத்து வரும், நடுவுல கை சத்தம் இல்லாம மேல போய்ட்டு வரணும். அந்த சின்ன எடம்தான் உனக்கு இறுகுது. கட்ட மட்டும் தனியா ஆயிரம் தடவ பழகாத, கட்டும் அடுத்த பீட்டும் சேத்து பழகு, கட்டு மங்கலா போனாலும் பரவால்ல அடுத்த பீட்டு மட்டும் ஆணி அடிச்ச மாதிரி விழணும். ஆடுறவன் கால் வர்றது அந்த பீட்டுலதான்.

ஜிக்கு மாத்தி மாத்தி அடிக்கலாம், நோட்டெல்லாம் வரும், ஆனா மூணு மூணா பிரியிற துடிப்பு மங்கிடும், ஏன்னா ரெண்டாவது மூணோட தலை நோட்டு ஏத்துல போய் விழும். அதனால இறக்கு-ஏத்து-இறக்கு, இறக்கு-ஏத்து-இறக்கு. முதல்ல கால் கட்டுன மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல பழகிடும். பாத்தியா, இங்கயும் ரெண்டு இறக்கு சேந்துதான் வருது, கட்டுக்கு பழகுன அதே கை.

பிக் விஷயத்துல, ப்ளூகிராஸ் ஆளுங்க ஒன்றரை மில்லிமீட்டர் தடி பிக் வச்சிருப்பாங்க, மொத்தமான டோன் வரும். கட்டுக்கு கொஞ்சம் வளையிற பிக் ஒத்தாசையா இருக்கும், ஐரிஷ் டெனார் பான்ஜோகாரங்க அதனாலதான் மெல்லிசு பக்கம் போறாங்க. நான் ரெண்டுக்கும் நடுவுல வச்சிருக்கேன். மணிக்கட்டு லேசா இருக்கணும், முழங்கைல இருந்து அடிச்சா ஒரு டியூனுக்கு மேல தாங்காது, அங்க அவங்க நிறுத்தாம பத்து டியூன் ஓட்டுவாங்க.

இன்னொரு சிக்கல் யாரும் சொல்லாதது. ஃபிடில்ல முதல் பொசிஷன்லயே கை நகராம மேல பி வரைக்கும் சுண்டு விரல் எட்டிடும். நம்ம ஒரு ஆக்டேவ் கீழ வாசிச்சாலும் அந்த பி நமக்கு முதல் கம்பில ஏழாவது ஃப்ரெட்டு. ஏ மேஜர் ரீல்ல ரெண்டாம் பாதி முழுக்க அங்கதான் சுத்தும், அதனால ஃபிடிலுக்கு சொகுசான எடம் நமக்கு ஏறி இறங்குற எடம். இதுக்குத்தான் ரெண்டாவது ஃப்ரெட்டுல கேப்போ (எல்லா கம்பியயும் ஒண்ணா அமுக்கி சுருதி ஏத்துற கிளிப்) போட்டு ஜி ஷேப்புல ஏ வாசிக்கிறது. திறந்த கம்பி ஆறுமே ஏ மேஜருக்குள்ள வந்துடும், உரசி விட்டாலும் அபஸ்வரம் இல்ல, மீனா சொன்ன அந்த பக்கத்து கம்பி உரசலும் இலவசமா கெடைக்கும்.

நைலான்நாதம்

மீனா பதிலுக்கு அப்புறம் மறுபடி மக்மானஸ கேட்டேன், டேவ் மக்ஐசக்கயும் கேட்டேன். வித்தியாசம் இப்போ நல்லா கேக்குது. மக்மானஸ் நேரத்தோட விளையாடுவார், ஒரு சொற்றொடர் முடிவுல மூச்சு விடுற அளவு நிறுத்துவார். டேவ் அந்த நிறுத்தத்த குடுக்கவே மாட்டேங்கிறார். ஆனாலும் முதலாமவர நான் விட்டுத்தர மாட்டேன், நின்னு கேக்க வைக்கிறதும் ஒரு வேலைதான்.

இதுக்கு நேர் எதிர்ல ஒருத்தர் இருக்கார், அவரயும் இந்த பேச்சுல சேக்கணும். டென்னிஸ் கஹில், சிகாகோகாரர், 2022ல போயிட்டார். கிளேர் ஃபிடில்காரர் மார்ட்டின் ஹேஸோட 1997ல "தி லோன்சம் டச்". கிட்டார்ல டியூன தொடவே மாட்டார், சில எடத்துல ஒரு பாருக்கு ரெண்டு நோட்டு, அதுவும் எங்க எதிர்பாக்குறோமோ அங்க இல்ல. கிழக்கு கிளேர் ஃபிடில் மெதுவா ஆரம்பிச்சு அரைமணி நேரத்துல கொழுந்து விட்டு எரியும்போதும் இவர் அடக்கிகிட்டே இருப்பார். ஃபிடில் கலாச்சாரத்துக்குள்ள கிட்டார் மேதைன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அவர்தான், அவர்ட்ட ஸ்பீடே கெடையாது.

ஹாலிஃபாக்ஸ்_குளிர்

நைலான், டென்னிஸ் கஹில் அருமையான உதாரணம், ஆனா அந்த வாசிப்ப மாபூ ஹால்ல கொண்டு வந்து வச்சா நடக்காது, அங்க துணை வாத்தியம் தள்ளிகிட்டே இருக்கணும். அது அது அந்தந்த மண்ணுக்கு.

பியானோ ராகவத்தோட கேள்விக்கு இன்னொரு பதில் இருக்கு. எழுபதுகள் தொடக்கத்துல சிபிசிங்கிற கனடா அரசு டிவில ஒரு டாக்குமென்டரி வந்துச்சு, கேப் பிரெட்டன் ஃபிடில் அழிஞ்சுகிட்டு வருது, இளசுங்க யாரும் எடுக்கிறதில்லன்னு. தீவே கொதிச்சு போச்சு. அதோட விளைவா 1973ல கிளெண்டேல்ங்கிற சின்ன ஊர்ல ஒரு விழா வச்சாங்க, நூத்துக்கும் மேல ஃபிடில்காரங்க ஒரே மேடைல. அதுக்கப்புறம் கிளாஸ் ஆரம்பிச்சாங்க, சின்ன பசங்க வந்தாங்க. இப்போ அக்டோபர்ல தீவு முழுக்க நடக்குற செல்டிக் கலர்ஸ் விழா 1997ல இருந்து நடக்குது, இலை செவந்து கெடக்குற நேரம், ஒவ்வொரு கிராமத்து ஹால்லயும் கச்சேரி.

கிட்டாருக்கு இதுல என்ன சம்பந்தம்னா, அந்த எழுச்சியோட வந்த தலைமுறை துணை வாத்தியத்தயும் புதுசா யோசிச்சுது. ஜெர்ரி ஹாலண்ட் 1982ல போட்ட "மாஸ்டர் கேப் பிரெட்டன் ஃபிட்லர்" கேளுங்க. அவர் பாஸ்டன் பக்கத்துல பொறந்து அங்க உள்ள கேப் பிரெட்டன்காரங்க டான்ஸ்ல வளந்து, எழுபதுகள்ல தீவுக்கே குடி வந்தவர். அந்த ஆல்பத்துல பியானோ ஹில்டா ஷியாசன், கிட்டார் நம்ம டேவ் மக்ஐசக். பியானோவும் கிட்டாரும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம எப்படி எடம் பிரிச்சுகிட்டாங்கன்னு பாருங்க, பியானோ பேஸ்ல நடக்கும்போது கிட்டார் நடு கம்பில வெட்டும், பியானோ மேல போனா கிட்டார் அடிக்கு இறங்கும். பேசி வச்சு வாசிச்ச மாதிரி இருக்கும். ரெண்டும் சேந்து ஒலிச்சாலும் சேறா ஆகல. அந்த ஆல்பம் வந்த பிறகு இங்க பல பேர் அத வச்சுதான் துணை வாசிக்க கத்துகிட்டாங்கன்னு இங்க ஹால்ல பேசும்போது கேட்டிருக்கேன்.

பட்டி மக்மாஸ்டர் ரயில்வேல ஸ்டேஷன் வேலை பாத்து ரிட்டயர் ஆகி 1989லதான் முதல் ஆல்பமே போட்டார், அதுக்கு முன்னாடி நாப்பது வருஷம் ஹால் ஹாலா வாசிச்சவர். அந்த மாதிரி ஒரு ஊர்ல ரெக்கார்டுங்கிறது ரெண்டாம்பட்சம். கிட்டார்காரருக்கும் அதே கதிதான், அங்க வாசிச்ச நல்ல கிட்டார்காரங்க பாதி பேர் ரெக்கார்டு ஒறையில பேர் கூட இல்லாம போயிருப்பாங்க.

பியானோ_ராகவம்

ஹாலண்ட் ஆல்பத்த இப்போ ஓட விட்டுகிட்டே எழுதுறேன். சரி, கிட்டார் வெளி ஆளுன்னு சொன்னத இதோட நிறுத்திக்கலாம், எஸ்ட்வுட் டேவிட்சன்ல இருந்து டேவ் வரைக்கும் ஒரு கோடு நேரா வருது. ஆனா கிட்டார்ல டியூன் எடுக்கிறது இன்னமும் ஹால்ல இல்ல, கிச்சன்லயும் மேடைலயும்தான்ங்கிறதுல நான் மாற மாட்டேன். சமையக்கட்டுல பத்து பேர் சுத்தி உக்காந்திருக்கும்போது ஃபிடில்காரர் டீ குடிக்க எறக்கி வைப்பார், அந்த இடைவெளி கிட்டாரோடது.

ஆறுகம்பி

அதுல எனக்கும் மறுப்பு இல்ல. கிச்சன்லயும் ஆடுவாங்க ராகவம், அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவுல எடம் இருந்தா போதும். அங்க மைக் வேண்டாம், கிட்டார் சத்தமே போதும்.

புதுப்பிக்கு

கடைசியா ஒரு சந்தேகம். ஃபிடில்காரங்க சில டியூனுக்கு கம்பியவே ஏத்தி வச்சுகிட்டு வாசிக்கிறாங்கன்னு ஒரு வீடியோல பாத்தேன், ஹை பேஸ்னு ஏதோ சொன்னாங்க. கிறிஸ்டி கேம்பல்னு ஒரு ஸ்ட்ராத்ஸ்பே. அத கிட்டார்ல எடுக்க வழி இருக்கா? டாட்காட் (டி-ஏ-டி-ஜி-ஏ-டி) ட்யூனிங் சரியா வருமா?

வில்லி_மீனா

ஃபிடில் பக்கத்த நான் சொல்றேன், கிட்டார அண்ணா சொல்லட்டும். சாதாரணமா ஜி-டி-ஏ-இ. ஹை பேஸ்ல ஜியையும் டியையும் ஒவ்வொரு முழு சுரம் ஏத்தி ஏ-இ-ஏ-இன்னு வச்சுக்குவாங்க. அப்போ மேல ரெண்டு கம்பில என்ன விரலோ அதே விரல்ல ஒரு ஆக்டேவ் கீழயும் அப்படியே வாசிக்கலாம், வாசிக்காத கம்பி கூடவே முழங்கிகிட்டே இருக்கும். ஒரு ஃபிடில் ரெண்டு ஃபிடில் மாதிரி கேக்கும்.

ஆறுகம்பி

டாட்காட் துணை வாசிக்க பிரமாதம், டேவி கிரஹாம் அறுபதுகள்ல கொண்டு வந்தது, மேஜரா மைனரான்னு சொல்லாம நழுவலாம், மீஹால் ஓ டோனல் அதுலயே ஒரு உலகம் கட்டினார். ஆனா மீனா சொன்ன ஏ-இ-ஏ-இ அதுல நேரா உக்காராது.

நான் பண்றது இது: ஆறாவது கம்பில இருந்து டி-ஜி-டி-ஜி-ஏ-டி. எல்லா கம்பியும் ஒண்ணு அப்படியே இருக்கும் இல்லாட்டி இறங்கும், எதயும் ஏத்த வேண்டாம், அதனால கம்பி அறுந்துடுமோன்னு பயப்படாத. இப்போ ரெண்டாவது ஃப்ரெட்டுல கேப்போ போடு. அஞ்சாவது கம்பி ஏ, நாலாவது இ, மூணாவது ஏ, முதல் கம்பி இ. ஃபிடிலோட ஹை பேஸ் அப்படியே ஒரு ஆக்டேவ் கீழ உன் கைல இருக்கு. நடுவுல ரெண்டாவது கம்பி பி மட்டும் கூடுதல், அத மேல போற நோட்டுக்கு படிக்கட்டா வச்சுக்கலாம், சும்மா முழங்க விடாத, ஆள்காட்டி விரல் நுனியால தொட்டு அடக்கிடு.

டியூன முதல்ல அஞ்சு நாலு கம்பில கீழ வாசி, அடுத்த சுத்து மூணாவதுல ஆரம்பிச்சு மேல வாசி. மெதுவா. ஸ்னாப் வர்ற எடத்துல குட்டி நோட்டுக்கு இறக்கு, நெட்டைக்கு ஏத்து, ஏத்து தொளதொளன்னு போகாம பாத்துக்கோ. ரெக்கார்டு பண்ணி இங்க போடு, மீனாவும் நானும் கேட்டு சொல்றோம், ஹாலிஃபாக்ஸ் தம்பி அதுக்கு கால் போட்டு பாத்து சொல்வார்.